ஒரு பேரம் படிய எத்தனை நாள்?

விற்பனை வேகம் என்பது நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு வெள்ளிக்கு விற்பனை நடக்கிறது என்பது. அதைக் கணக்கிடும் சூத்திரம் ஒரு வரிதான். கையில் இருக்கும் பேரங்களின் எண்ணிக்கை, ஒரு பேரத்தின் சராசரி மதிப்பு, படியும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கி, ஒரு பேரம் முடிய ஆகும் நாள்களால் வகுக்க வேண்டும். நாற்பது பேரங்கள், சராசரி 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நான்கில் ஒன்று படியும், முடிய அறுபது நாள் என்றால், நாளொன்றுக்கு 2,000 வெள்ளி. பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும் கணக்கு. இந்த நான்கு எண்களையும் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எங்கள் அலுவலகத்தில் வாக்குவாதம் ஓயாமல் நடந்தது.

நான் வேலை செய்யும் நிறுவனம் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருக்கிறது. மளிகைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கல்லாப்பெட்டி இயந்திரமும் சரக்கிருப்பு மென்பொருளும் விற்கிறோம். ஜூரோங், துவாஸ் பக்கத்துக் கிடங்குகளுக்குப் பார்கோடு கருவிகளோடு சேர்த்துப் பெரிய அளவில் அமைத்துக் கொடுப்பதும் உண்டு. விற்பது என் வேலை இல்லை. விற்பவர்கள் எழுதிவைப்பதைக் கூட்டிக் கழித்து அறிக்கை தருவது என் வேலை.

இன்னொரு விற்பனையாளரை எடுக்கலாமா என்ற யோசனையில் இருந்த முதலாளி, “தம்பி, நமக்கு ஒரு பேரம் படிய எத்தனை நாள் ஆகிறது?” என்று கேட்டார். விற்பனையாளர்கள் பேரங்களைப் பதியும் ஹப்ஸ்பாட் மென்பொருளில் இருந்த தரவை இறக்கி, அறிக்கையும் வரைபடமும் தயாரிக்கும் பவர் பிஐயில் ஏற்றினேன். முப்பத்தெட்டு நாள் என்றது. எங்கள் மூத்த விற்பனையாளரை அலுவலகத்தில் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் திரையை எட்டிப் பார்த்தார். “முப்பத்தெட்டு நாளா? அந்த வாடிக்கையாளர்களில் இரண்டு பேரை எனக்கும் அனுப்பி வையுங்கள்” என்றார்.

அவருடைய பேரங்களில் ஒன்றையே எடுத்துப் பார்த்தோம். சிராங்கூன் ரோட்டில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரி ஒருவர். இத்தகைய மென்பொருள்களில் ஒரு பேரம் ஒவ்வொரு நிலைக்குள் நுழைந்த நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். அந்தப் பதிவைத் திறந்தால், வெள்ளிக்கிழமை மாலை 5:50க்குப் பேரம் உருவாகிறது. 5:51க்குச் செயல்விளக்கம் முடிந்துவிட்டது. அதே நிமிடத்தில் விலைப்புள்ளியும் போய்விட்டது. 5:52க்குப் பேச்சுவார்த்தை. அடுத்த செவ்வாய்க்கிழமை கையெழுத்து. மென்பொருளின் கணக்கில் நான்கே நாள். உண்மையில் அண்ணன் அந்தக் கடைக்கு முதலில் போனது தீபாவளிக்கு முன்பு. “பண்டிகை வியாபாரம் முடியட்டும், பிறகு வா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் கடைக்காரர். செயல்விளக்கம் டிசம்பரில், கடையின் பின்புறம் மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. விலைப்புள்ளி வாட்ஸ்அப்பில் போனது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இதற்காக அவர்மீது கோபித்துப் பயனில்லை. வெயிலில் கடைகடையாக ஏறி இறங்குகிறவர் ஒவ்வொரு சந்திப்புக்கும் கைப்பேசியைத் திறந்து பட்டியலில் தேதி போடுவார் என்று எதிர்பார்க்கும் நிர்வாகம் ஏமாறத்தான் செய்யும். நாங்கள் செய்தது வேறு. மனிதர் கையால் போடும் தேதியை நம்புவதை விட்டுவிட்டு, வேலையின் போக்கில் எப்படியும் பிறக்கிற தேதிகளைத் தேடினோம். செயல்விளக்கத்துக்கான நேரம் எல்லோருடைய நாள்காட்டியிலும் இருக்கிறது. விலைப்புள்ளிக்கு எண்ணும் தேதியும் கணக்கு மென்பொருளே கொடுக்கிறது. முன்பணம் வங்கியில் விழுந்த நாள் எங்கும் ஓடிப்போகாது. மூன்றையும் பேரத்தின் எண்ணோடு இணைத்தோம். விலைப்புள்ளியைக் கணக்கு மென்பொருள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டைத்தான் விற்பனையாளர்கள்மேல் சுமத்தினோம். அதற்கே ஒரு மாதம் முணுமுணுத்தார்கள்.

தொடக்க நாள் எது என்பது அதைவிடச் சிக்கல். சிங்கப்பூர் எக்ஸ்போவில் கண்காட்சிக்குப் போய்வந்தால் முகவரி அட்டைகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றையெல்லாம் ஒரே நாளில் பேரங்களாக ஏற்றிவிட்டால் எண்ணிக்கை வீங்கும், படியும் விகிதம் சரியும், நாள்கள் நீளும். சூத்திரத்தின் மூன்று உறுப்புகள் ஒரே மாலையில் கெட்டுப்போகும். அட்டை கொடுத்தவர் வாங்க வந்தவர் என்று அர்த்தமில்லை. செயல்விளக்கத்துக்கு வாடிக்கையாளர் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்த நாளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டோம். முடிவு, நிறுவன முத்திரையோடு கையெழுத்தாகி வந்த விலைப்புள்ளியின் நாள். வாட்ஸ்அப்பில் “சரி, செய்துவிடலாம்” என்று வருவதை முடிவாகக் கொள்ள வேண்டும் என்று விற்பனைப் பக்கம் வாதாடியது. அப்படிச் ‘சரி’ சொன்னவர்களில் எத்தனை பேர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை என்று பட்டியலைக் காட்டியதும் வாதம் நின்றது. கைநழுவிப்போன பேரம் ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்தால் பழைய பேரம், அதற்கு மேல் போனால் புதுப் பேரம். இந்த ஆறு மாதத்துக்குச் சாத்திரம் ஏதுமில்லை. ஏதாவது ஒரு கோடு போட்டே ஆக வேண்டும்.

தேதிகள் திருந்திய பிறகுதான் சூத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இதன் அடியில் இருப்பது வரிசைகளைப் பற்றி 1961ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. தேக்கா நிலையத்தில் பிரியாணிக் கடை முன் எந்நேரமும் இருபது பேர் நிற்கிறார்கள், ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்கிறார் என்றால், நிமிடத்துக்கு இரண்டு பேர் வரிசையை விட்டு வெளியேறுகிறார்கள். நிற்பவர் எண்ணிக்கையை நிற்கும் நேரத்தால் வகுத்தால் வெளியேறும் வேகம். விற்பனை வேகமும் இதேதான். கூடவே மதிப்பும் படியும் விகிதமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தெளிந்துவிடும். முதலாவது, எண்ணிக்கை என்பது ஒரு சமயத்தில் சராசரியாக எத்தனை பேரங்கள் நிலுவையில் நிற்கின்றன என்பது. காலாண்டில் புதிதாக எத்தனை வந்தன என்பது அன்று. காலாண்டில் வந்தவற்றை எடுத்துக்கொண்டால் வகுக்க வேண்டியது ஏறக்குறைய தொண்ணூறு நாளால், பேரம் முடியும் நாள்களால் அல்ல. இந்த இரண்டையும் கலந்து போட்ட அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வரிசையில் நின்று பார்த்துவிட்டு வாங்காமல் போனவரும் நின்றவர்தானே? ஆகவே கைநழுவிய பேரங்கள் நின்ற நாள்களும் கணக்கில் வர வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் படிந்த பேரங்களின் நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலுவையில் நிற்கிற எல்லாவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுகின்றன. மேலும், இந்த விதியெல்லாம் வரவும் போக்கும் ஓரளவு சீராக இருக்கும் வரையில்தான். புதுச் சரக்கு இறக்கிய காலாண்டில் இந்த எண்ணை நான் யாருக்கும் காட்ட மாட்டேன்.

முதலில் சொன்ன நாற்பது பேரங்களையே பிரித்துப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள், எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருப்பவை அல்ல. முப்பது சிறு கடைகள்: தலைக்கு 4,000 வெள்ளி, முப்பது விழுக்காடு படியும், இருபது நாள். வேகம் நாளுக்கு 1,800 வெள்ளி. பத்துக் கிடங்குகள்: தலைக்கு 36,000 வெள்ளி, பத்து விழுக்காடு படியும், நூற்றெண்பது நாள். வேகம் 200 வெள்ளி. கூட்டினால் 2,000.

இப்போது பிரிக்காமல் ஒரே குவியலாகப் போடுங்கள். படியக்கூடியவை பத்து: ஒன்பது கடை, ஒரு கிடங்கு. படிந்தவற்றின் நாள்களை மட்டும் எடுத்தால் சராசரி முப்பத்தாறு நாள். வேகம் 3,333 வெள்ளியாகத் துள்ளிவிடும். நாள்களை எல்லாப் பேரங்களிலிருந்தும், மதிப்பைப் படிந்தவற்றிலிருந்து மட்டும் எடுத்தால் சராசரி மதிப்பு 7,200. வேகம் 1,200 வெள்ளிக்கு இறங்கிவிடும். நான்கையும் எல்லாப் பேரங்களிலிருந்தும் எடுத்தால் 2,000 வருகிறது, ஆனால் அது இந்த எண்களின் தற்செயல். ஒரே நாற்பது பேரங்கள், மூன்று விடைகள், மூன்றுக்கும் அழகான வரைபடம் போடலாம். பவர் பிஐ எதற்கும் மறுப்புச் சொல்லாது. அதனால் கடை, கிடங்கு, அரசாங்கம் என்று வகை பிரிக்காமல் நான் இப்போது வேகத்தைக் கணக்கிடுவதே இல்லை.

அரசாங்க வகையைத் தனியாக வைத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் தளத்தில் வரும் ஏலக்குத்தகைக்கு (டெண்டருக்கு) முடிவு நாள் அவர்கள் குறிப்பது, மதிப்பீட்டுக் காலம் அவர்களுடையது. விற்பனையாளர் எவ்வளவு ஓடினாலும் ஒரு நாள்கூடக் குறையாது. அதற்கு விற்பனை வேகம் பார்ப்பது வீண் வேலை.

சராசரியா, இடைநிலையா என்ற கேள்வியும் வந்தது. ஐந்து பேரங்கள் 12, 15, 18, 25, 240 நாள்களில் முடிந்தால் சராசரி 62 நாள், வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் 18 நாள். “பொதுவாக எத்தனை நாள் ஆகும்?” என்று வாடிக்கையாளரோ முதலாளியோ கேட்டால் பதினெட்டுதான் நேர்மையான பதில். ஆனால் வேகச் சூத்திரத்துக்குள் இடைநிலையைப் போட்டுவிடக் கூடாது. லிட்டில் விதி சராசரிக்குத்தான் பொருந்தும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறேன். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரிந்தால், எங்கோ ஒரு பேரம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

அண்ணன் சிரித்த அந்த முப்பத்தெட்டு நாளில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது முடிந்த பேரங்களை மட்டும் எண்ணிய கணக்கு. சென்ற மாதம் பிறந்த பேரங்களில் இன்றைக்குள் முடிந்திருப்பவை இயல்பாகவே வேகமானவை. மெதுவானவை இன்னும் நிலுவையில் கிடக்கின்றன. ஆகவே அண்மைக் காலப் பேரங்கள் எப்போதும் சுறுசுறுப்பாகவே தெரியும். ஒவ்வொரு காலாண்டும் “நாம் வேகமாகிவிட்டோம்” என்று கைதட்டிவிட்டு, அடுத்த காலாண்டில் அதே மாதங்கள் மெதுவாகிப் போவதைப் பார்த்து விழிப்பார்கள். மருத்துவ ஆய்வில் இதே சிக்கலுக்காக எட்வர்ட் காப்லானும் பால் மேயரும் 1958ல் ஒரு முறையை எழுதினார்கள். இன்னும் முடிவு தெரியாத நோயாளிகளையும் விட்டுவிடாமல் கணக்கில் வைக்கும் முறை அது. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. பேரங்களைப் பிறந்த காலாண்டுவாரியாக அடுக்கி, முப்பது நாளுக்குள் எத்தனை படிந்தன, அறுபதுக்குள் எத்தனை, தொண்ணூறுக்குள் எத்தனை, இன்னும் நிற்பவை எத்தனை என்று ஓர் அட்டவணை போட்டாலே போதும். எக்செல்லில் போட்டுவிடலாம். காலாண்டின் கடைசிப் பேரத்துக்கும் தொண்ணூறு நாள் நிறையும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் கடினம். யாராவது ஒருவர் அதை நிரப்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த ஊருக்கே உரிய சில தடங்கல்களும் உண்டு. சிறு கடைக்காரர்களில் பலர் பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள். 2018ல் தொடங்கிய திட்டம் அது. விண்ணப்பிப்பதற்கு முன்னால் விற்பவரோடு ஒப்பந்தம் போட்டிருக்கவோ பணம் கட்டியிருக்கவோ கூடாது என்பது விதி. ஆக, கடைக்காரர் மனம் வைத்த நாளுக்கும் கையெழுத்துப் போடும் நாளுக்கும் இடையில் விண்ணப்பமும் ஒப்புதலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் ஆள்களில் சிலர் விண்ணப்பம் போன அன்றே படிந்தது என்று குறித்தார்கள், சிலர் ஒப்புதல் வந்த பிறகு குறித்தார்கள். முதல் வகையினர் சூரர்களாகவும் இரண்டாம் வகையினர் சோம்பேறிகளாகவும் அறிக்கையில் தெரிந்தார்கள். ‘மானிய ஒப்புதலுக்குக் காத்திருப்பு’ என்று தனி நிலை ஒன்றை நுழைத்து, அதில் கழியும் நாள்களைத் தனியாக எண்ணத் தொடங்கியதும் இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விற்கிறார்கள் என்பது வெளிப்பட்டது.

சீனப் புத்தாண்டு 2024ல் பிப்ரவரி 10, 2025ல் ஜனவரி 29. அதற்கு முந்தைய வாரங்களில் உணவக முதலாளி எவரும் நம்மைப் பார்க்க நேரம் தர மாட்டார். ஓர் ஆண்டின் பிப்ரவரியை மறு ஆண்டின் பிப்ரவரியோடு ஒப்பிட்டால் பண்டிகை நகர்ந்ததை விற்பனைக் குழுவின் திறமையாகவோ சோர்வாகவோ படித்துவிடுவோம். லிட்டில் இந்தியாக் கடைகளுக்குத் தீபாவளியும் அப்படியே: 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. வேலை நாள்களை மட்டும் எண்ணலாமே என்று கேட்பீர்கள். எண்ணிப் பார்த்தோம். பொது விடுமுறை கழியும், ஆனால் விடுமுறைக்கு முந்தைய மந்தம் கழியாது. நாள்காட்டி நாள்களையே வைத்துக்கொண்டு, பண்டிகை வாரங்களை வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் காட்டுவதோடு விட்டுவிட்டேன்.

பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 7லிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் ஏறியது. பேரத்தின் மதிப்பைச் சிலர் வரியோடும் சிலர் வரியில்லாமலும் எழுதியதால், விலையை ஒரு காசுகூட உயர்த்தாமலேயே சராசரி மதிப்பு ஏறியதாகத் தெரிந்தது. வரியில்லாத தொகை மட்டும் என்று கட்டாயமாக்கினோம்.

நேரமண்டலம் பற்றி ஒரு வார்த்தை. பவர் பிஐயின் இணையச் சேவையில் ‘இன்று’ என்பது உலகப் பொது நேரப்படி. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எனவே காலை எட்டு மணி வரை அறிக்கைக்கு நேற்றுதான். எங்கள் முதலாளி ஏழு மணிக்கே கைப்பேசியில் பார்ப்பவர். மாதத்தின் முதல் தேதியன்று அவருக்குப் போன மாதமே ‘இந்த மாதம்’ என்று காட்டும். மூலத்தரவின் நேரமும் அப்படியே வருவதால், நேரத்தை வெட்டித் தேதியாக்குவதற்கு முன்பே எட்டு மணியைக் கூட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு கூட்டிப் பயனில்லை.

இவ்வளவும் செய்து கிடைத்த வேக எண்ணை மாதத்துக்கு ஒருமுறை முதலாளி பார்க்கிறார். வாரக் கூட்டத்தில் அது வருவதில்லை. வாரக் கூட்டத்துக்குப் போவது வெறும் பட்டியல் ஒன்று: ஒவ்வொரு நிலையிலும், படிந்த பேரங்களில் முக்கால்வாசி எத்தனை நாளுக்குள் அந்த நிலையைத் தாண்டின என்று பார்த்து, அதற்கு மேல் அங்கேயே நிற்கும் நிலுவைப் பேரங்களின் பெயர்கள். ஆளாளுக்கு வேகம் போட்டுச் சுவரில் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது அண்ணன்தான் தடுத்தார். “நீங்கள் நாளை எண்ணினால், நாங்கள் நாளைக் குறைத்துக் காட்டுவோம். பேரத்தைக் கடைசி வாரத்தில் திறந்தால் போதாதா?” என்றார். வெள்ளிக்கிழமை 5:50ஐ நினைத்துக்கொண்டேன். பேச்சு அத்துடன் நின்றது.

அந்தப் பட்டியல் முதலில் காட்டிக்கொடுத்தது வாடிக்கையாளரை அல்ல. செயல்விளக்கம் முடிந்து விலைப்புள்ளி போவதற்கு இடையில்தான் பேரங்கள் அதிகம் தேங்கின. காரணம், தள்ளுபடி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலாளியின் ஒப்புதல் வேண்டும். அவரோ மாதத்தில் பாதி நாள் பினாங்கிலும் சென்னையிலும் இருப்பார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, வரைபடத்தைப் பார்த்தவுடன் அவரே, “இது என் மேஜைதானே?” என்று கேட்டுவிட்டார். ஐந்து விழுக்காடு வரை விற்பனையாளரே முடிவு செய்யலாம் என்று அன்றே ஏற்பாடானது. புதிய விற்பனையாளரை எடுக்கவில்லை. அந்தச் சம்பளத்தில் விலைப்புள்ளியும் மானிய விண்ணப்பத்துக்கான தாள்களும் தயாரிக்க ஒருவரை வைத்துக்கொண்டோம். அடுத்து வந்த காலாண்டுகளில் அந்த நிலையில் தேங்கும் நாள் குறைந்திருக்கிறது. படியும் விகிதத்தில் அசைவில்லை. அதை இந்த மாற்றம் தொடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆண்டுதோறும் வரும் மென்பொருள் உரிமப் புதுப்பிப்புகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விலைப்பட்டியல் அனுப்பினால் ஓரிரு நாளில் பணம் வந்துவிடும் வகை அவை. உள்ளே விட்டால் எல்லா எண்களும் ஒரே இரவில் அழகாகிவிடும். ஆண்டு முடியும் சமயத்தில் யாராவது ஒருவர் அவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். புதுப்பிப்புகளுக்கென்றே தனித் தாள் வைத்திருக்கிறேன், அதை அனுப்பிவிடுகிறேன்.